துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

இந்த ஆயுத பூஜைக்கும் மருமகள் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். தையல் மிஷின், அரிவாள்மணை, பையனுடைய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், மிஷினில் எண்ணெய் விடுகிற துளை மேலேயே ஒரு பொட்டை அப்பிவிட்டாள். "அங்க வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது!" என்று கத்திவிட்டேன். விளக்கேற்றிய வீட்டில் கத்தலாமா? கத்தினேன். அந்தக் கோபம் அவள் மேல் இல்லை. அது ஐம்பது வருஷத்துக் கோபம்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பிட்டர். கேட்டில் காவலுக்கு இருந்தவரை நாங்கள் அவில்தார் என்றுதான் கூப்பிடுவோம். பட்டாளத்திலிருந்து வந்தவர். வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். கழுத்தில் மாதா படம் போட்ட கயிறு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறாது. கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இரண்டு பேர். கம்பெனி அவர் கையில் கொடுத்திருந்தது வெள்ளைக்காரன் காலத்து ரைஃபிள். ஒரு தடவை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அடியிலுள்ள டப்பாவிலிருந்து அடுத்த தோட்டா மேலே வரும். டப்பாவுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் அதன் மேல் ஒரு தகடும், தோட்டாக்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அவர் தினமும் அந்த டப்பாவைக் கழற்றித் துடைப்பார். "கெய்வி நைனா இவ. வயித்துல தூசி கீதுன்னா மொரண்டு புடிப்பா" என்று துப்பாக்கியைக் கிழவியாக்கிப் பேசுவார்.

காவலுக்கு மேலதிகாரியாக ஒரு ஆபீசர் இருந்தார். கேட் வேலைக்குத் தன் மச்சினனைக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியில் ஒரு குறை கிடைத்தால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தார். பூஜை முடிந்த மறுநாள் மேனேஜர் முன்னால் துப்பாக்கியைச் சுட்டுக்காட்ட வேண்டும் என்பது அந்த வருஷத்து ஏற்பாடு.

பூஜை மேஜையில் எங்கள் ஸ்பேனர், சுத்தியலோடு துப்பாக்கியையும் வைத்தோம். அழகாக இருக்கட்டும் என்று டப்பாவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தவன் நான்தான். பன்னீர் விட்டு இளக்கிக் குழைத்த சந்தனத்தை அந்தத் தகட்டின் மேல் தாராளமாக வைத்தவனும் நான்தான். வடிவுடையம்மனை நினைத்துக்கொண்டு, கை நிறைய வைத்தேன். அவில்தார் பார்த்துவிட்டுத் துணியோடு ஓடி வந்தார். "யோவ், உள்ள எறங்கிடும்யா. இப்பவே தொட்சிட்றேன்."

நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "பூஜைல வெச்சத நாளைக்குத்தான் தொடணும் அவில்தாரே. அம்மா கோச்சுக்குவா."

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "உங்க சாமி, நீ சொன்னா சரி" என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் சாமிக்கு மரியாதை கொடுத்தார் அந்த மனுஷன்.

மறுநாள் காலை அவர் துடைக்க வருவதற்கு முன்பே ஆபீசர் துப்பாக்கியை ஜீப்பில் ஏற்றிவிட்டார். பிட்டர் என்று என்னையும் கூட ஏறச் சொன்னார். துடைக்கப் பத்து நிமிஷம் டைம் கேட்டார் அவில்தார். "மேனேஜர் உனக்காகக் காத்திருக்கணுமா?" என்று பதில் வந்தது. எண்ணூர்ப் பக்கம் மணல்மேட்டில், மேனேஜருக்கு முன்னால், அவில்தார் டப்பாவில் ஐந்து தோட்டாக்களை அழுத்திப் போட்டார். முதல் தோட்டா வெடித்தது. போல்ட்டை இழுத்துத் தள்ளிக் குதிரையைத் தட்டினார். வெறும் டிக். மறுபடியும் டிக். டப்பாவைக் கழற்றிப் பார்த்தார். மிச்சம் நாலும் மேலே வராமல் அடியிலேயே கிடந்தன. அவற்றைத் தட்டி எடுத்துவிட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடத்திலேயே அது நின்றுவிட்டது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சந்தனம் சார். காஞ்சிப் போய் தகட்டப் புட்ச்சிகினு கீது. ஒரு துணி குடுங்க, இப்பவே சரி பண்றேன்."

ஆபீசர் சிரித்தார். "பாத்தீங்களா சார், வேலை செய்யாதவன் பழியச் சாமி மேல போடறான். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்தானே, அவனுக்கென்ன!" பாவி. பூஜையில் என் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவன் அவன். நான் எங்கே சந்தனம் வைத்தேன் என்பதை அவன் கண்ணால் பார்த்தவன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீதானே பொட்டு வெச்ச? உள்ள வெச்சியா?"

அவில்தாரும் என்னைப் பார்த்தார். என் வாயில் வந்தது இதுதான்: "இல்ல சார். துப்பாக்கி மேலதான் வெச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சாமி பேருக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஆபீசருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவில்தாருடைய தொப்பியையும் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கேட்டில் மச்சினன் நின்றான்.

ஆறு மாதம் கழித்து காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். விறைத்துச் சிவந்துபோன கைகள். நான் நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "இன்னா நைனா, சௌக்கியமா? உங்க அம்மா இன்னும் கோச்சுக்கலியே?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் ஏதோ தமாஷ் என்று சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வஞ்சிரம் கூட வாங்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஆபீசர் மேல் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அவனைத் திட்டி முடித்ததும் மிச்சம் நிற்பது நான்தான். தப்பாக வைத்த சந்தனத்தை அம்மன் மன்னித்திருப்பாள். அவள் பேரை வைத்துக்கொண்டு நான் சொன்ன பொய்யைத்தான் மன்னித்தாளா என்று தெரியவில்லை.

மருமகள் முகம் வாடி நின்றாள். நான் துணியை எடுத்து மிஷின் துளையிலிருந்த சந்தனத்தை வழித்தேன். "மாமா, பூஜைல வெச்சத இன்னைக்கே தொடலாமா?" என்று பதறினாள். "தொடலாம்மா" என்று சொல்லி, துணி முனையைத் திரித்துத் துளைக்குள்ளும் விட்டுத் துடைத்தேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை என் நெற்றியில் வைத்துக்கொள்ள மட்டும் கை வரவில்லை.