ஒரு ரூபாய் ஆட்டம்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இடத்தில் மூணு சீட்டு நடக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு ரூபாய்க்கு மேல் கட்டக் கூடாது. ஆற்றோரத்தில் வரம்பே இல்லை. எதில் லாபம் என்று 1979 முழுக்க ஆண்கள் அடித்துக்கொண்டார்கள்.

சீட்டையே தொடாத ஐவி முதலில் ஆற்றோரத்தில்தான் வடை சுட்டு விற்றாள். அரை மணியில் ஒருவன் எல்லார் காசையும் ஜெயித்து வாரிக்கொண்டு போக, மற்றவர்களிடம் வடைக்குக்கூடக் காசில்லை. அடுப்பைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்தாள். அங்கே பொழுது சாயும்வரை ஆடினார்கள், தின்றார்கள்.

ஆற்றோரத்தில் ஆடும் அழகுமுத்து கேலி பேச வந்தான். "ஒத்த ரூவா ஆட்டத்துல என்னக்கா லாபம்? போன மாசம் நான் ஒரே கையில முன்னூறு அடிச்சேன்."

"இந்த மாசம்?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன்."

"நான் ரெண்டு மாசமும் ஜெயிச்சேன்" என்று ஐவி வடையைத் திருப்பிப் போட்டாள். "திங்கிறதுன்னா காசை மொதல்ல வையி."