குண்டு வைக்காத விமானம்

சென்னை ராஜ்யத்துக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்த வருடம். எல்லைக்கல் நடுகிறார்கள் என்று பாலசமுத்திரமே வயலில் கூடியிருந்த மத்தியானம், கோவர்த்தனன் வீட்டுக்குள் மர விமானத்துக்குக் கடைசி இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தார். யுத்தகாலத்தில் விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர் அவர். உள்ளிருந்தவர்கள் கையசைத்துப் போய்த் திரும்பாத ஒரு விமானத்தைத்தான், வால் சன்னல்வரை அளவு பிசகாமல் சிறிதாகச் செதுக்கியிருந்தார்.

மனைவி அம்சவேணி அதன் வயிற்றுக் கதவைத் திறந்து பார்த்தாள். “இன்னாய்யா, குண்டே வைக்கல?”

“ஏத்தினதெல்லாம் போதும் வேணி. அங்க நாம குந்திக்கலாம்.”

உத்தரத்தில் தொங்கவிட்டதும் விமானம் காற்றில் மெல்லத் திரும்பியது. இருவரும் பாயில் மல்லாந்து படுத்தார்கள். ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயில் மேகம்போல் அதன்மேல் நகர்ந்தது.

“நம்ம ஊரு ஆந்திராதான்!” என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“கீழ இன்னா சத்தம்?” என்றாள் அம்சவேணி, கண்ணை மூடியபடி.