துப்பாக்கிக்கு ஒரு தோல் சட்டை

போன திங்கட்கிழமை ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு ஒரு புது ஆர்டரின் படம் வந்தது. ஷூ இல்லை, பெல்ட்டும் இல்லை. வெடிமருந்து போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தோல் பைகள், இரண்டு தினுசு. பழைய மாதிரி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, புது மாதிரிக்காரர்களுக்கு ஒன்று. இரண்டுமே குழாயின் வாய் வழியாக மருந்தைப் போட்டு இடித்துச் சுடுகிற ஜாதிதான். வெளிநாட்டில் இன்னும் அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே ஒரு வரி: தோலில் தோல் வாசனை வரவே கூடாது.

பேட்டர்ன் மாஸ்டர் ஏகாம்பரம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "இன்னாபா இது, தோலுக்குத் தோல் வாசன இல்லாம மல்லிப்பூ வாசனயா வரும்?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கவே இல்லை. "அண்ணே, மானுக்கு மூக்கு இருக்குதுல்ல? பன்னிக்கு அதவிட ஜாஸ்தி."

"உனக்கு எப்டிடா தெரியும் இதெல்லாம்?"

"எங்க வூட்ல இருந்துச்சிண்ணே, துப்பாக்கி."

கத்தரிக்கோல்கள் எல்லாம் நின்றுவிட்டன. டீ வருகிற வரைக்கும் கதை சொன்னேன். அவர்களுக்குச் சொன்னதில் பாதி அவசரத்தில் போய்விட்டது. உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், மலை இறங்கி வந்து நிலத்தைத் தொடுகிற இடம். ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை. வேலிக்கு அப்பால் காடு. பயிரைக் காக்க என்று தாத்தா காலத்திலேயே லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அப்பாவிடம் இருந்தது. தாத்தா அதை வேட்டைக்கும் கொண்டுபோனார் என்று ஊரில் சொல்வார்கள். அப்பாவோ வேட்டை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். "காவல்" என்பார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் போதும், பன்றிகள் மலையேறிவிடும்.

அந்த ஒரு வெடிக்கு எவ்வளவு வேலை தெரியுமா! குழாயை நிமிர்த்திக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே தேங்காய் நாரைத் திணித்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். அப்புறம் ஈய ரவை, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் பக்கவாட்டில் இருக்கிற காம்பில் சின்னத் தொப்பி போல ஒரு கேப்பைச் செருக வேண்டும். சுத்தி அந்தக் கேப்பில் விழுந்தால் நெருப்பு உள்ளே போகும். அப்புறம் எழும்பும் பாருங்கள் ஒரு புகை, தீபாவளி விடியற்காலையை மொத்தமாக ஒரு இடத்தில் கொட்டியது போல! இப்போதும் எங்காவது பட்டாசு வாசனை வந்தால் எனக்கு வேர்க்கடலைதான் ஞாபகம் வரும்.

வெடித்தால்தானே இதெல்லாம். தூறல் விழுந்தால் கேப்பு நனைந்துவிடும். சுத்தி விழும், "டிக்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பன்றிகள் நிமிர்ந்துகூடப் பார்க்காது.

நான் டிப்ளமோ முடித்து ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதை ஊரில் யாருமே மறக்காதபடி பார்த்துக்கொண்டேன். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் கடலையைப் பன்றிகளே அறுவடை செய்துவிட்டன. அந்த வருஷம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்:

"இந்த வாட்டியும் கடல வூடு வந்து சேரலன்னா, மாட்ட வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்கு வந்துட்றேன். உங்க கம்பெனி கேட்ல ஸ்டூல் போட்டுத் தருவாங்க இல்ல?"

அம்மா சோற்றுக் கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள். கால்மணி நேரம் ஒரு இடத்தில் உட்கார முடியாத மனிதர் அவர். நாள் முழுக்க ஸ்டூலில் அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம்தான் போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் கொட்டுகிற மழையில் நின்று சுடுகிறான். அதுவும் வாய் வழியாக மருந்து போடுகிற துப்பாக்கிதான். ஆனால் மருந்து மாத்திரை மாத்திரையாக வருகிறது, அளக்க வேண்டாம். கேப்பு துப்பாக்கியின் உடம்புக்குள்ளேயே மூடியிருக்கிறது, நனையாது. மேலே தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற கண்ணாடி வேறு! ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஓடிப்போய் அப்பாவுக்குக் காட்டினேன். பக்கத்து நிலத்துக்காரரும் அப்பாவின் தோஸ்துமான கவுஸ் பாயும் எட்டிப் பார்த்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலை ஊறவைக்கிற தொட்டியடியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர்.

அப்பா முழுசும் பார்த்துவிட்டு, "மழைக்கு நனையலன்னா அது துப்பாக்கியாடா, கொடையா?" என்றார்.

"அரே முனுசாமி, உன்னுது மட்டும் துப்பாக்கியா? 'டிக்'குன்னு சொல்லிட்டு சும்மா கெடக்குது. கடியாரம்யா அது!" என்றார் பாய்.

"எங்கப்பன் கையில வெடிச்சிச்சி பாய்."

"அப்போ மழ கம்மி."

அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் சொன்னேன்: புதுத் துப்பாக்கி நமக்கு வேண்டாம் நைனா, இதையே புதுசு ஆக்கிடலாம். நனையாம இருக்கணும், அவ்ளோதானே? தோலுக்குப் பேர் போன சீமைல இல்ல நாம இருக்கோம்?

அடுத்த ஞாயிறு ஆரம்பித்தது கூத்து. பாய் ஷாப்பிலிருந்து எருமைத் தோல் கொண்டுவந்தார். பாதி பதம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இறங்காமல் இருக்க மீன் எண்ணெயைத் தடவித் தடவி ஊறவைத்தார். நான் பேப்பரில் பேட்டர்ன் வெட்டினேன். ஒரு துப்பாக்கிக்கு நான் அளவெடுத்த அக்கறையோடு யாரும் மாப்பிள்ளைக்குக்கூடச் சட்டை தைத்திருக்க மாட்டார்கள். கேப்புக்கும் சுத்திக்கும் ஒரு மூடி, குழாய் வாய்க்கு ஒரு குல்லா, தோளில் மாட்ட வார், கன்னம் வைக்கிற இடத்தில் மெத்தை, மருந்தை அளந்து வைக்கப் பை. எல்லாம் போட்டு முடித்ததும் துப்பாக்கி குளிருக்குப் போர்த்திய கிழவர் மாதிரி இருந்தது. பாய் தட்டிப் பார்த்தார். "ஏ ஒன்!"

அப்பா ஒரு குடம் தண்ணீரை அதன் தலையில் கொட்டிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார். கேப்பு சொட்டுக்கூட நனையவில்லை! அப்பாவின் முகத்தில் ஒரு பையன் வந்து போனான்.

அன்று சாயங்காலமே தூறல். மூன்று பேரும் வரப்போரக் கொட்டாயில் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். அப்பா சுத்தியை இழுத்து வைத்திருந்தார். வெளிச்சம் மங்கும்போது வேலி ஓரம் செடி அசைந்தது. வந்துவிட்டது! முன்னால் ஒரு பெரிய கிடாப்பன்றி, பின்னால் கூட்டம். பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். கிடா இரண்டு அடி உள்ளே வைத்தது. நின்றது. மூக்கைத் தூக்கியது. "வூஃப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கூட்டமே திரும்பி மலையேறிவிட்டது.

"டேய், நான் இன்னும் சுடவே இல்லியேடா!" என்றார் அப்பா.

நான் லீவு போட்டுத் தங்கினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பன்றி வரும், நிற்கும், போய்விடும். கடலை பத்திரமாக இருந்தது, ஆனால் அப்பா பேஜாராகிவிட்டார். "இப்போ வெடிக்கும்டா, நல்லா வெடிக்கும், ஒரு பன்னிகூட நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் முறையிட்டார். பாய் நிலாவைச் சந்தேகப்பட்டார். நான் புலியைச் சந்தேகப்பட்டேன், படித்தவன் இல்லையா.

நாலாம் நாள் அம்மா டீ கொண்டுவந்தாள். கொட்டாய் வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இன்னா நாத்தம்யா இது! நான் ஒருத்தி வரவே கொடல் பொரளுது, பன்னி எங்கேர்ந்து வரும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தோம். தொட்டியடியில் இருந்த பாய்க்கும், கம்பெனியில் இருக்கிற எனக்கும், எங்கள் இருவரோடும் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பாவுக்கும் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. நாங்கள் நாலு நாளாகக் காவலுக்கு ஒரு தோல் ஷாப்பையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்!

அம்மா சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பியது. மறுநாள் பாய் ஒரு மூட்டைத் தோல் துண்டு கொண்டுவந்தார். வேலி முழுக்கக் கயிறு கட்டி எண்ணெயில் தோய்த்துத் தொங்கவிட்டோம். பஸ்ஸில் போகிறவர்கள் தோல் ஷாப்புகள் நாறுகிற ராணிப்பேட்டை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். அந்த வருஷம் கடலை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. மாடு தொழுவத்திலேயே இருந்தது. ஸ்டூல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அதே பன்றிகள் அதே தோல் துண்டுகளுக்குக் கீழேயே நின்று மேய்ந்தன. "அதுங்களுக்கும் ஆம்பூர்ல வேல கெடச்சிட்ச்சி போல" என்றார் பாய். அலைந்து திரிந்து சோலார் கம்பி வேலியும் அதற்கு மின்சாரம் விடுகிற மிஷினும் போட்டோம். கம்பியைத் தொட்டால் ஒரு உதறு உதறும், பன்றி வருவதில்லை. பன்றிகள் பழகுவதற்கு முன்பே, தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்ற விதிப்படி துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தபோது அப்பா அதன் தோல் சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டார். அப்புறம் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கி திரும்பி வரவில்லை. சட்டையை எலி தின்றுவிட்டது. பாய் இப்போது பெங்களூரில் மகள் வீட்டோடு இருக்கிறார்.

நேற்று எங்கள் வாசனையில்லாத பையில் ஒன்றை, தையல் கோணியதால் கழித்ததை, அப்பாவுக்குக் கொண்டுபோனேன். பழைய துப்பாக்கிக்காரர்களுக்கான பை. முகர்ந்தார். திருப்பித் திருப்பி முகர்ந்தார்.

"ஒண்ணுமே அடிக்கலியேடா. அன்னிக்கே இத்த குடுத்திருந்தின்னா பன்னி கிட்ட வந்திருக்கும். ஒரே ஒரு வாட்டி வெடிச்சிப் பாத்திருப்பேன்."

பையைத் துப்பாக்கி மாட்டியிருந்த ஆணியில் மாட்டினார். வெளியே மழை பிடித்திருந்தது. நிலத்துப் பக்கமிருந்து வேலியின் மிஷின் சத்தம் வந்தது. டிக். அப்பா சட்டென்று தலையைத் தூக்கிப் புகைக்குக் காத்திருந்தார்.