விதைக் கடலை உடைத்த வாசல்

அந்த ஊருக்கு நான் போனது அடுப்புக் கட்டுவதற்காக.

ஐம்பதுகளின் கடைசி. கிராம சேவிகா பயிற்சி முடித்ததும் குஜிலியம்பாறைப் பக்கம் வேலை போட்டிருந்தார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகளில் அரம் தேய்க்கும் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அந்த வெட்டவெளியின் அமைதியே முதல் சில மாதங்கள் எனக்கு ஒரு இரைச்சல் போலக் கேட்டது. பஸ் இறக்கிவிட்டுப் போன பிறகும் செம்மண் புழுதி வெகுநேரம் காற்றில் நிற்கும். அது அடங்கினால்தான் பாதை தெரியும். பனைகளுக்கு நடுவே நடக்க நடக்க ஊர் வருவதே தெரியாது. திடீரென்று ஒரு கோழி, ஒரு படல், ஒரு பெண்ணின் முகம். யாரோ கனவில் என்னை நடத்திக்கொண்டு போவது போலத்தான் தினமும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

சேவிகா என்ற சொல் ஊர்ப் பெண்களின் வாயில் நுழையவில்லை. என்னை டீச்சரம்மா ஆக்கிவிட்டார்கள். வீடுகளில் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, வாரம் ஒருநாள் மாதர் சங்கம் கூட்டுவது, இவ்வளவுதான் என் வேலை.

அடுப்புக்கு மண் குழைக்கும்போது வீட்டுக்காரப் பெண்ணும் நானும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்திருப்போம். ஊரின் கிழக்கு ஓரத்து வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. பேசும்போது கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவாள். அன்று அவள் ஒரு கையால்தான் மண்ணைப் பிசைந்தாள். இடது கை மடியிலேயே கிடந்தது. முழங்கைக்கு மேலே நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன் டீச்சரம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டுக்குக் கதவே இல்லை. ஓலைப் படல்தான் சாத்தியிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் அடுப்பைக் கட்டி முடித்தோம்.

அவள் புருஷன் குடிக்கிறவர் இல்லை. ஊரில் அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதும் இல்லை. மாடுகளிடம் கூட மெதுவாகப் பேசுவார். கிணற்றடியில் இருந்த கத்தரிக்கு மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துவிட்டு உச்சிவெயிலில் வீட்டுக்கு வருவார். சோறு ஆறியிருந்தால் அடி, சுட்டால் அடி. ஒன்றும் இல்லாவிட்டாலும் சில நாள் அடி. அந்த நேரத்தில் பக்கத்து வீடுகளில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சின்ன வயது எனக்கு. நேரே ஊர்ப் பெரியவரிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார்.

"அது அவுக வீட்டு விசயம்மா. அடுப்புக் கட்ட வந்தீக, கட்டிட்டுப் போங்க."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீச்சரம்மா வந்து சொன்னாள் என்று அந்தப் புருஷனிடமும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சங்கத்துக்கு அவள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மிதித்து உடைக்கப்பட்டிருந்தது. அவள் மூன்று கல்லைக் கூட்டிவைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம் டீச்சரம்மா," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோமா? நானும் வரேன்."

"போலாம். போயிட்டு எந்த வீட்டுக்குத் திரும்பி வாரது?"

திண்டுக்கல்லுக்குப் போய் என் மேலதிகாரி அம்மாவிடம் சொன்னேன். நல்ல மனுஷி அவர். என் மாத ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கட்டிய அடுப்புகள், தைத்த சட்டைகள், எடை பார்த்த குழந்தைகள். "இதுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்து வெகுநேரம் நடந்தேன். சாயங்கால வெயில் மலைக்கோட்டைப் பாறையில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுதான் அன்று நினைத்தேன்.

விடவில்லை. மறுவாரம் நான் ஊருக்குள் போனபோது அவள் வாசல் வேம்படியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு முறம். முறத்தில் விதைக் கடலை. ஆடியில் மழை இறங்கினால் விதைக்க வேண்டும், அதற்கு முன்னால் கடலையைக் கையாலேயே உடைத்துப் பருப்பு சிதையாமல் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டில் செய்கிற வேலை அது. நடுவில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்து வீட்டு அக்கா. நாற்பது வயசிருக்கும், புருஷன் இறந்து தனியாகப் பயிர் பார்க்கிறவள், ஊரே கேட்கும்படி சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"ஒக்காருங்க டீச்சரம்மா," என்று தன் முறத்திலிருந்து இரண்டு கை கடலையை என் மடியில் போட்டாள்.

உடைக்க ஆரம்பித்தேன். வெயில் வேப்பிலைகளுக்குள்ளே சல்லடையாய் இறங்கியது. தோல் உடையும் மெல்லிய சத்தம், எங்கோ ஒரு செம்போத்தின் குரல், கடலைத் தூசி ஒளியில் மிதந்து மிதந்து யார் தலையிலோ உட்காரும் விதம். ஒரு கட்டத்தில் நான் எதற்காக அங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. எத்தனையோ காலமாக அந்த நிழலிலேயே இருந்துவருவது போலிருந்தது. அவள் வீட்டுக்குள் சோறு வடிக்கும் சத்தம் கேட்டது.

அப்போது அவள் புருஷன் வந்தார். மாட்டுக் கயிறு தோளில் கிடந்தது. எங்களைப் பார்த்து நின்றார்.

"என்ன இங்க கூட்டம்?"

"விதைக் கடலை ஒடைக்கிறோம் தம்பி," என்றாள் அக்கா.

"ஏன், ஒங்க வீட்டுல நெழல் இல்லையா?"

"இருக்கு. ஆனா அங்க ஒக்காந்தா இங்க விழுற அடி கேக்குது. கையி நடுங்கி பருப்பு ஒடஞ்சு போகுது. அதான் இங்கிட்டு வந்துட்டோம்."

யாரும் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. அவர் உள்ளே போனார். தட்டு வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். வேறொன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். சங்கத்துக்கு என்று தனியாக ஒரு இடம் தேவைப்படவில்லை, அந்த வேம்படியே சங்கமாகிவிட்டது. சில வீடுகளில் சண்டை வந்தது. ஒருத்தியின் புருஷன் அங்கேயே வந்து நின்று, "எந்திரிச்சு வா, சோறு போடு," என்றார். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சோறும் வெஞ்சனமும் மூடி வச்சிருக்கேன். போட்டுச் சாப்புடுங்க. நான் செத்த நேரம் செண்டு வாரேன்," என்றாள். அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். எதற்கு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள்.

அந்த வீட்டுக்காரியும் மெல்ல வெளியே வந்து எங்களோடு உட்கார ஆரம்பித்தாள். கை சரியாகியிருந்தது. எல்லாரையும்விட வேகமாக உடைத்தாள்.

உடைக்க வேண்டிய கடலை தீர்ந்துபோனது. நான் பயந்த நாள் அது, இனி அந்த வாசலில் உட்கார ஒரு சாக்கு இல்லை. அடுத்த வாரம் மழை பிடித்தது. விடிய விடியப் பெய்து காலையில் ஓய்ந்தபோது அந்தக் காய்ந்த மண்ணெல்லாம் கருஞ்சிவப்பாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து நிலத்தில் ஈரம் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஊர் முழுக்க ஏர் இறங்கியது. ஆண்கள் உழுதுகொண்டு போவார்கள், பெண்கள் பின்னாலேயே நடந்து உழுத சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போடுவார்கள். இன்று ஒரு வீட்டு மானாவாரிக் காடு, நாளை இன்னொரு வீட்டுக் காடு என்று எல்லாரும் சேர்ந்துதான் செய்வார்கள்.

இரண்டாம் நாள் அவள் புருஷன் காட்டின் முறை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏரைப் பூட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் வரப்பில் நின்றார்கள், இடுப்பில் விதைக் கூடைகளோடு. ஒருத்தியும் இறங்கவில்லை. அவளும் அவர்களோடு நின்றாள். கன்னத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. காலையில் கிளம்பும்போது அடித்திருக்கிறார்.

"எறங்குங்க. ஈரம் போகுது," என்றார் அவர்.

அக்கா சொன்னாள்: "போகட்டும்."

"என்ன வேணும் ஒங்களுக்கு?"

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. அவகிட்ட சொல்லு. இனிமே கை வைக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லு. அப்பறமா நாங்க எறங்குறோம்."

பக்கத்துக் காடுகளில் ஏர்கள் நின்றுவிட்டன. ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ப் பெரியவரும் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார், கிட்டே வரவில்லை. மண்ணிலிருந்து ஆவி எழுந்து எல்லார் உருவத்தையும் லேசாக அசைத்தது. பெண்கள் நீருக்கடியில் நிற்பவர்களைப் போலத் தெரிந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு பகல் முழுவதும் போலிருந்தது. நான் ஏதாவது பேச வேண்டுமோ என்று தோன்றியது. போனமுறை பேசியது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கலப்பையைப் பார்த்தபடி ஏதோ முனகினார்.

அப்போது அவள் பேசினாள். கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசினாள். "கேக்கலை. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். முகம் கறுத்திருந்தது. "இனிமே கை வைக்க மாட்டேன்," என்றார்.

அவள் உடனே இறங்கவில்லை. அந்தச் சொல்லை எடை போடுவது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முதல் ஆளாகச் சாலில் காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஈர மண் கணுக்கால்வரை வாங்கியது. பொழுது சாயுமுன் அந்தக் காடு முழுவதையும் விதைத்து முடித்தோம்.

ஒரு சொல்லில் மனிதன் மாறிவிடுவானா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், இப்போதும்தான். நான் அங்கே இருந்த மூன்று வருஷத்தில் அவர் தன்மேல் கை வைக்கவில்லை என்று அவளே சொன்னாள். ஒருமுறை ஓங்கினாராம். ஓங்கிய கையோடு வாசலைப் பார்த்தாராம். வாசலில் யாருமில்லை. இருந்தும் கையை இறக்கிவிட்டாராம். அந்த வருஷமே வேறு இரண்டு வீட்டு வாசல்களில் பெண்கள் முறத்தோடு போய் உட்கார்ந்தார்கள். யாரும் என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு வீட்டில் அது பலிக்கவில்லை, அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனாள். அவளை பஸ் ஏற்றிவிடப் பத்துப் பேர் ரோடுவரை நடந்து போனார்கள்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். சரியான உச்சிவெயில். கடலைச் செடிகள் மஞ்சள் பூவாய்ப் பூத்திருந்தன. அவள் வேம்படியில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது காட்டிலிருந்து அவர் வந்தார். என்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் சத்தமில்லாமல் அவளைச் சுற்றி உள்ளே போனார். தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார்.

"தூங்குறா," என்றார் மெதுவாக. "செத்த நேரம் செண்டு எந்திரிப்பா. ஒக்காருங்க."

அவர் போன பிறகு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் போக வேண்டிய பஸ் இருந்தது. அவளை எழுப்ப மனம் வரவில்லை. காற்று வரும்போதெல்லாம் பழுத்த வேப்பிலைகள் அவள் சேலையில் உதிர்ந்துகொண்டிருந்தன.