எஸ்தர் சிஸ்டரின் வண்டியில் எண்ணெய் ஊற்றியது யார்?

எஸ்தர் சிஸ்டர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் மண்ணூர் பால்காரர். பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "மோட்டார் நர்சம்மா பூட்டாங்க கம்பவுண்டரே. குன்றத்தூர்ல, அவங்க தம்பி வூட்டுல" என்றார். பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அந்தக் காலத்திலிருந்து கமிட்டிச் செயலாளராக இருப்பவர்தான் முதலில் பேசினார். சிஸ்டர் எந்த ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லையாம். ரோட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் சிந்திய எண்ணெய்ச் சொட்டைப் பார்த்துக்கொண்டே போனால் ஆளைப் பிடித்துவிடலாமாம். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த அம்மாள் கையில் பிறந்தவர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன். சிரித்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் பழைய டாக்டருடையது. சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதை ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் கிடந்தபோது, நான் ஓட்டுகிறேன் என்று முன்வந்தவர் எஸ்தர் சிஸ்டர் ஒருவர்தான். அவருடைய தம்பி மெக்கானிக். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிக்கரை உதைத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. சிஸ்டர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சாந்தசொரூபி என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். அவரிடம் திட்டு வாங்காத ஒருவரால்தான் அப்படிப் பேச முடியும்.

வண்டி ஒழுகியது உண்மை. பின் சக்கரம், மட்கார்ட், சிஸ்டரின் சேலை ஓரம் எல்லாம் கறுப்பு எண்ணெய். ஆனால் டாக்டர் ஓட்டிய காலத்திலும் அது ஒழுகியது. அவர் பேண்ட்டிலும் கறை இருந்தது. அப்போது இதே செயலாளர் என்ன சொன்னார் தெரியுமா? பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும் என்றார். சிஸ்டர் ஏறி உட்கார்ந்ததும் அதே வண்டி, அதே ஒழுகல், பேச்சு மட்டும் மாறிவிட்டது. பொம்பளைக்கு மெஷினைப் பராமரிக்கத் தெரியவில்லை என்றார். டவுன் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினார். அவர்கள் கண்ணில் பட்ட நட்டையெல்லாம் பலம் கொண்ட மட்டும் முறுக்கி அனுப்பினார்கள். ஒழுகல் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் கமிட்டி கூடி, வண்டியை ஷெட்டில் பூட்டி, சாவியை வேன் டிரைவர் முனுசாமியிடம் கொடுத்தது. சிஸ்டர் மாட்டு வண்டியில் போகட்டும் என்று முடிவு.

வடக்குப்பட்டிலிருந்து கன்னியம்மாவின் புருஷன் ஓடிவந்தது அந்த நாட்களில்தான். தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. வேன் அன்றைக்கு மருந்து வாங்க மெட்ராஸ் போயிருந்தது. சிஸ்டர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டார். சாவி முனுசாமியின் சட்டைப் பையில், முனுசாமி மெட்ராஸில். மாட்டு வண்டி பிடித்து ஏரிக்கரை வழியாக அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தாயைக் காப்பாற்றிவிட்டார். பிள்ளை தங்கவில்லை.

திரும்பி வந்தவர் நேராகச் செயலாளரிடம் போய்ச் சாவி கேட்டார். கமிட்டி கூடட்டும் என்று பதில் வந்தது. சிஸ்டர் வாதாடவில்லை. முனுசாமியிடமிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மருந்து அறைக்கு வந்து என்னிடம் ஒரு டப்பா பவுடர் கேட்டார். எதற்கென்று கேட்டேன். "வண்டிக்குப் பூசத்தான். எங்க ஒழுகுதுன்னே பாக்காம எல்லாரும் தீர்ப்பு சொல்லிக்கினு கீறாங்க" என்றார்.

மண்ணெண்ணெய்த் துணியால் என்ஜினைப் பளபளவென்று துடைத்து, ஈரம் காய்ந்ததும் மேலெல்லாம் பவுடரைத் தூவினார். மண்ணூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். பவுடரில் இரண்டே இடம் நனைந்திருந்தது. ஒன்று, எண்ணெயை வடிக்கும் அடி நட்டு. ஒர்க்ஷாப்காரர்கள் முறுக்கிய முறுக்கில் அதன் செம்பு வாஷர் நசுங்கி இறுகிப்போயிருந்தது. ஊசி காய்ச்சும் ஸ்பிரிட் விளக்கில் அந்த வாஷரைச் சிவக்கக் காட்டி, ஆறவிட்டுத் திரும்பப் போட்டார். செம்பு இளகிக்கொடுத்து வாய் அடைத்துக்கொண்டது. அந்த ஒழுகல் நின்றது. மற்றது, என்ஜின் மூச்சு விடுவதற்கென்று பின்பக்கம் வைத்திருக்கும் குழாய். அதன் வாயிலிருந்துதான் சக்கரத்துக்கும் சேலைக்கும் எண்ணெய் போனது. அந்தக் குழாயில் எந்தப் பழுதும் இல்லை. அங்கேதான் அவருக்கும் குழம்பிவிட்டது.

அப்புறம் அம்மை ஊசி முகாம் வந்தது. ஊர் ஊராகத் தங்கிப் போட வேண்டிய வேலை. போகும்போது வண்டி வழக்கம்போல் கக்கியது. தங்கிய ஊர்களில் ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தினார். மறுநாள் காலையில் எடுத்தால் பழையபடி சேலையெல்லாம் எண்ணெய். வண்டிக்கு வெளியூரில் சீக்கு இல்லை, நம்ம ஷெட்டில்தான் சீக்கு என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் விடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

முனுசாமி தினமும் காலையில் வேனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார். நல்ல பழக்கம். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கும் அதே மரியாதையைச் செய்துகொண்டிருந்தார். டாக்டர் காலத்திலிருந்தே செய்கிறாராம். நாங்கள் போனபோது அவர் கையில் எண்ணெய் டப்பா இருந்தது.

"நா இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டர்? கோட்டுக்குக் கீழ கீது, ஊத்துனேன்" என்றார்.

சிஸ்டர் வண்டியைக் கிளப்பி, நன்றாகச் சூடேறும் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துக் குச்சியை எடுத்துக் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. வேனில் எண்ணெய் அடியிலேயே கிடக்கும். காலையில் பார்ப்பதுதான் சரி. இந்த வண்டிக்கு எண்ணெய்த் தொட்டி தனி. பழைய என்ஜின் என்பதால், நின்றால் தொட்டி எண்ணெய் மெல்லக் கசிந்து என்ஜினின் அடிவயிற்றில் இறங்கிவிடும். குச்சி குறைவாகக் காட்டும். ஓடினால் பம்ப் அத்தனையையும் மேலே ஏற்றிவிடும். குறைந்துவிட்டதென்று ஊற்றிய எண்ணெய்க்கு இடம் ஏது? மூச்சுக் குழாய் வழியாகக் கக்குகிறது. "இத முழிச்சிக்கினு இருக்கும்போது கேக்கணும் முனுசாமி. தூங்கும்போது கேட்டா இன்னா சொல்லும்?" என்றார். முனுசாமி கண் கலங்கி, கமிட்டி முன்னால் தானே வந்து சொல்கிறேன் என்றார். வந்தார், சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கமிட்டிதான் வாய் திறக்கவில்லை. வண்டி அன்றிலிருந்து ஒழுகவில்லை. சாவியும் சிஸ்டரிடமே இருந்தது. செயலாளர் சொன்னது ஒன்றுதான்: இனிமேலாவது கவனமாக இருங்கள் என்றார். முனுசாமியிடமல்ல, சிஸ்டரிடம். கன்னியம்மாவின் பெயரை எவரும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "ஒழுகுதுன்னா எங்க ஒழுகுதுன்னு மட்டும் பாக்காதீங்க கம்பவுண்டரே. யார் ஊத்துறாங்கன்னும் பாருங்க." அவர் குரல் நடுங்கியது. அவர் அழுதாரா, கோபத்தில் நடுங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனை வருஷம் ஒழுகாமல் ஓடிய வண்டியை விட்டுவிட்டு, ஒழுகிய கதையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் சாவிலும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். இது மறதி இல்லை. மறந்தால்தான் அவர்களுக்கு நல்லது, அதனால் மறந்தார்கள்.

கூட்டத்திலிருந்து நான் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் கன்னியம்மா நின்றிருந்தார். அவரும் எழுந்து வந்துவிட்டாராம். அப்புறம் அவருக்கு நாலு பிள்ளைகள், எல்லாம் சிஸ்டர் கையில்தான். தலை நரைத்துவிட்டது. என்னிடம் கேட்டார்: "அன்னைக்கி அந்த வண்டியக் குடுத்திருந்தாங்கன்னா எம்புள்ள பொழச்சிருக்கும் இல்ல?"

எனக்குத் தெரியவில்லை, அம்மா என்றேன். அதுதான் உண்மை. ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய செயலாளர் உள்ளே மேடையில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் என்னிடம் விட்டுப் போனது அந்தக் கோபம் ஒன்றுதான். அது ஆறக்கூடாது என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் முன்வரிசையில் உட்காருவார். அந்த எண்ணெய்க் கதையைச் செயலாளர் அப்போது சொல்லட்டும்.