மாதம் முப்பது பை

துண்டை விரித்து, அதில் கைக்கடிகாரம், மோதிரம், போன் மூன்றையும் வைத்து இறுக்கி முடிச்சுப் போடுகிறார் பொன்னுத்தாய். அவசரமாக ஆற்றில் இறங்கப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். "மூணு சாமான் இருக்கு, பாத்துக்குங்க. அப்புறம் வந்து நாலுன்னு சொல்லக்கூடாது." அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்குகிறார்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில், காவிரியில் குளிக்க வருகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பு. பைக்குப் பத்து ரூபாய். டோக்கன், சீட்டு எதுவும் கிடையாது. ஈரத்தலையோடு திரும்பும்போது ஆளே வேறு மாதிரி இருப்பார்கள் என்பதால், போகும்போதே முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்த்து வைத்துக்கொள்வாராம். பதினாறு வருஷத்தில் ஒரு பை கைமாறிப் போனதில்லை. யாராவது அதைப் பாராட்டினால் கொட்டாவி விடுவார். ஐம்பத்து நான்கு வயதில் விடியற்காலை நாலரைக்கே வந்து உட்காருகிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

பத்துப் பெண்கள் கொண்ட ஒரு கடன் குழுவுக்கும் அவர்தான் தலைவி. மாதம் பதினெட்டாம் தேதி எல்லாரும் தவணையைப் போன் வழியாக அவருடைய கணக்குக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலை அவர் மொத்தமாகக் கட்டுவார். ஒரு ரூபாய் குறைந்தாலும் குழுவுக்கு அடுத்த கடன் கிடையாது. பொன்னுத்தாய் கையில் கொடுத்தால் பணம் பத்திரம் என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். சொத்து என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

இந்தச் சித்திரையில் சமயபுரம் தேருக்குப் போக முடியவில்லை. அந்தக் குறைக்கு அம்மன் பாட்டாவது கேட்கலாம் என்று போனில் ஒரு செயலியைத் திறந்தார். தவணைப் பணம் வந்து சேர்ந்திருந்த சாயங்காலம் அது. ஒரு ரூபாய் கட்டினால் நடுவில் விளம்பரமே வராது என்றது செயலி. "ஒரு ரூபான்னதும் எனக்கு மொய்தான் ஞாபகம் வந்துச்சு. நூறு வைக்கிற எடத்துல ஒத்த ரூபா சேத்து வைக்கிறோமில்ல? நல்லதுக்குத்தான் கேக்குதுன்னு பின் நம்பர அழுத்திட்டேன்."

அடுத்த பதினெட்டாம் தேதி, கணக்கில் சேர்ந்திருந்த தவணைப் பணத்திலிருந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போயிற்று. பயந்துபோய்ச் செயலியையே அழித்தார். ஜூனிலும் போயிற்று, ஜூலையிலும் போயிற்று. அவருடைய கணக்குப்படி அது மாதம் முப்பது பை. சர்க்கரை மாத்திரையைப் பாதி அட்டையாக வாங்கியும், டீயைக் குறைத்தும், அந்தப் பள்ளத்தை யாருக்கும் தெரியாமல் நிரப்பிக்கொண்டே வந்தார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், அலுப்போடு ஒரு பதில் வைத்திருக்கிறார். "போனே எடுத்துக்கிச்சுன்னா யாரு நம்புவா? தலைவி தின்னுட்டான்னுதான் பேசுவாங்க."

ஆகஸ்டில் ஆற்றில் வெள்ளம். குளிக்கக் கூடாது என்று ஒரு வாரம் படித்துறையை அடைத்துவிட்டார்கள். ஆளும் இல்லை, பையும் இல்லை. பதினெட்டாம் தேதி காலையிலேயே பணம் போன செய்தி வந்தபோது, ஈடுகட்ட அவரிடம் ஒன்றுமே மிச்சமில்லை. வேறு வழி தெரியாமல் வங்கிக்குப் போனார்.

அங்கே இளவேனில் என்ற இளம் அதிகாரி திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. பணம் அனுப்புகிற செயலிக்குள்ளேயே 'ஆட்டோபே' என்று ஓரிடம் இருப்பதைத் திறந்து காட்டினார். ஒருமுறை சம்மதித்துவிட்டால் மாதாமாதம் அதுவே எடுத்துக்கொள்ளும், பாட்டுச் செயலியை அழித்தால் நிற்காது, இங்கே வந்துதான் ரத்து செய்ய வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. போன பணத்துக்குப் புகார் எழுதி வாங்கிக்கொண்டார். வருமென்று மட்டும் உறுதி சொல்லவில்லை. "நீங்களே பின் போட்டு சம்மதிச்சிருக்கீங்கம்மா." இரண்டு நிமிஷ வேலைக்கு நாலு மாசம் செத்துப் பிழைத்தோமே என்று வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார் பொன்னுத்தாய்.

சாயங்காலம் பெண்களைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, ஒரு ரூபாயிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். குழுவில் ஆனந்தவள்ளிக்கு வாய் கொஞ்சம் நீளம். "இத்தன மாசமா எங்ககிட்ட சொல்லணும்னு தோணலியாக்கா?" என்று கேட்டார். தண்ணீர் வடிந்து தொழில் நடந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லி, குறைந்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாக ஆனந்தவள்ளியே வசூலித்துக் கொடுத்தார். முணுமுணுப்போடுதான் என்றாலும் எல்லாரும் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

யமுனா மட்டும் எழுந்திருக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். வாசல் காலியாகும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போவுதுக்கா. மாசம் நூத்தித் தொண்ணூத்தொம்பது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லவே இல்ல."

பொன்னுத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். வங்கியில் பார்த்ததை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, யமுனா ஒவ்வொன்றாக அழுத்தினார். இரண்டு தடவை வழி தவறி மறுபடியும் முதலிலிருந்து வந்தார்கள். கடைசியில் ரத்து செய்கிற இடம் வந்தது. போன் பின் நம்பரைக் கேட்டது. யமுனா போனைப் பொன்னுத்தாயிடமே நீட்டி, "நீங்களே போடுங்கக்கா, நம்பரச் சொல்றேன்" என்றார்.

பொன்னுத்தாய் போனை யமுனாவின் கைக்குள்ளேயே தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.