மாமியார் இல்லாத ரொட்டிக்கடை

ஜெய்புன்னிசாவை ரஹ்மானுக்குக் கட்டிக்கொடுத்தபோது வாணியம்பாடியில் அவள் வீட்டார் சொன்ன ஒரே சிறப்பு, மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது என்பதுதான். பஞ்சத்தில் அநாதையாகி, மலைக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை பாயிடம் வளர்ந்த பையன். கல்யாணமானதும் மலைமேல் ஜமுனாமரத்தூரில் சொந்தக் கடை போட்டான். சாமைச் சோறு தின்கிற மலையில் ரொட்டிக்கு யார் வருவார்கள் என்று அவள் கேட்டாள். ஃபாரஸ்ட்காரர்கள் வருவார்கள் என்றான். வந்தார்கள், மழை இல்லாத நாட்களில்.

அவள் பிசைந்தாள், அவன் சுட்டான். இருபது வருஷத்தில் அவள் தோள் இரண்டும் போய்விட்டன. 1961 ஆடியில் காய்ச்சல் கண்டு அவனும் போனான். விதவை முறைப்படி வெளியே வராமல் நாலு மாதத்துக்கு மேல் இத்தா இருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. அழுகை வந்தது. ஆனால் விடியுமுன் எழ வேண்டாம் என்ற நினைப்பில் நன்றாகவே தூங்கினாள். அதற்காகவும் கொஞ்சம் அழுதாள்.

இத்தா முடிந்ததும் கடையை மூடிவிட்டு வருவதாகத் தம்பி சத்தாருக்குச் சொல்லியனுப்பினாள். வெள்ளிக்கிழமை அவன் லாரியோடு வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை கருப்பன் விறகோடு வந்தான். வாராவாரம் ஒரு சுமை விறகு போட்டுவிட்டு, காசு வாங்காமல் ஒரே ஒரு ரொட்டியோடு போகிற மலைக்காரன். அவனை ஏமாளி என்றே அவள் வைத்திருந்தாள்.

“விறகு இன்னாத்துக்கு கருப்பா? நாளைக்கு நான் வாணியம்பாடி போறேன்.”

“அப்டி சொல்லாதீங்க அண்ணி.”

அதுவரை பாயம்மா என்று கூப்பிட்டவன்.

“இன்னா மொறை புதுசா இருக்குது?”

“பழைய மொறைதாங்க. அவுரு எங்கூடப் பொறந்த அண்ணன்.”

பஞ்சத்தில் கீழே போன பையன் அங்கேயே தொழவும் ஆரம்பித்ததும், ஊர் கூடி அவனைச் செத்தவனாக்கிக் கருமாதி செய்துவிட்டது. செத்தவன் பெண்டாட்டியோடு திரும்பி வந்து கடை போடுவான் என்று ஊர் எதிர்பார்க்கவில்லை. அவனிடம் பன் வாங்கித் தின்றார்கள். பேர் சொல்லி மட்டும் கூப்பிடவில்லை. மலை முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. தெரியாதவள் பெண்டாட்டி ஒருத்திதான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல அந்த மனுசன்?”

“அநாதைன்னுதானே பொண்ணு குடுத்தாங்க? அப்புறம் எப்டி சொல்றது?”

“ரொட்டிய நீதான் தின்னியா?”

“அம்மா தின்னுதுங்க.”

ஜெய்புன்னிசா மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஊருக்குத் தெரியாமத் தின்னுது,” என்றான் கருப்பன். “நாலு மாசமா மழையில வழி அடைஞ்சிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவுரு போனத சொல்லல. சொன்னா அழும். கருமாதி ஆனவருக்கு இன்னொரு தபா அழுதா ஊரு இன்னா கேக்கும்?”

இருபது வருஷம் மாமியார் இல்லாமல் வாழ்ந்தவளுக்கு, புருஷன் போன பிறகு மாமியார் வந்து சேர்ந்தாள்.

“ஒரு ரொட்டி சுட்டுத் தர்றேன். அத்தோட வுட்டுடணும்.”

ஒரு ரொட்டிக்கும் நூறு ரொட்டிக்கும் அடுப்பு ஒரே விறகைத்தான் கேட்டது. பிசைந்து, பொங்கவைத்துச் சுட்டு முடிக்க சாயங்காலம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சத்தார் மாவு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கருப்பன் மறுபடி சுமையோடு நின்றான்.

“அம்மா இன்னா சொல்லுது?” என்றாள்.

“அடி தீஞ்சுபோச்சாம். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேக்குது.”

“அக்கா, ஏறுக்கா! லாரிக்காரன் கத்தறான்,” என்றான் சத்தார்.

அவள் ஏறவில்லை. “இருபது வருசமா நான் பிசைஞ்சதத் தின்னுட்டு, மொத தபா அடுப்பு மூட்டினதுக்குக் குத்தம் சொல்லுது பாரு! அந்த மூட்டைய எறக்குப்பா.”

“இன்னாக்கா இது?”

அவள் கருப்பன் பக்கம் திரும்பினாள். “புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, இனிமே மருமவ கைதான்னு சொல்லு.”

“மருமவன்னு தெரிஞ்சா இன்னும் குத்தம் சொல்லுமேங்க.”

“சொல்லும்,” என்று அலுத்துக்கொண்டு, விறகை உள்ளே இழுத்தாள்.